சரக்கு வராத மத்தியானங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே அம்மா சுகம். உனக்கு முனைவர் பட்டம் கிடைக்கப்போவதை எதிர்வீடு, காய்கறிக் கடை என்று ஒரு இடம் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கட்டட வேலையில் நேரமும் பணமும் எங்கே வீணாகின்றன என்பதுதான் உன் ஆராய்ச்சி என்று விளக்கிச் சொன்னேன். "என் பிள்ளை கட்டடத்துக்கே கணக்கு வாத்தியார்" என்று சுருக்கிக்கொண்டாள்.

நான் இப்போது தளப் பொறியாளர் இல்லை. கிடங்கில் சிமெண்ட் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதுகிறேன். மாற்றல் உத்தரவைக் கொடுத்த மேலாளர், "உங்க தம்பியே எழுதியிருக்காரும்மா, நாங்க என்ன பண்றது?" என்றார். உன் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்ததே எங்கள் நிறுவனம்தான் என்பதும் அவர் பேச்சில் வந்தது. எனக்குத் தெரியும் என்று நினைத்துச் சொன்னார். தெரிந்த மாதிரியே தலையாட்டிவைத்தேன்.

என் வீட்டில் தங்கியிருந்தபோது சாப்பிட்டுக்கொண்டே கேட்டாய். "எல்லா இடத்துலயும் காலைலதான் சரக்கு லேட்டாகுது. உன் இடத்துல மட்டும் ஏங்க்கா மத்தியானம்?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உச்சி வெயிலில் கம்பியைத் தொட்டால் கை பொசுங்கும், அதனால் ஆட்களைக் கொஞ்ச நேரம் நிழலில் உட்காரவைத்துவிட்டு, சரக்கு வரவில்லை என்று எழுதிவிடுவேன் என்றேன். வெயில் தாழ்ந்ததும் அவர்களே இழுத்துப்பிடித்து வேலையை முடித்துவிடுவார்கள். இதை எழுதிவிடாதே என்றும் சொன்னேன். "சேச்சே, நான் என்ன வேவு பாக்கவா வந்திருக்கேன்?" என்றாய். இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னாய்.

மத்தியானத் தாமதம் உண்மையில் ஆட்கள் ஓய்வெடுக்கும் நேரம் என்று நீ எழுதிய அறிக்கையில் என் பேர் இல்லை, வாஸ்தவம்தான். ஆனால் மத்தியானத்தில் சரக்கு தாமதமாகும் இடம் ஒன்றே ஒன்று. யாருடையது என்று கேட்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை.

பொறியாளர் பதவி போனதைக்கூட விழுங்கிக்கொள்வேன். உன்னிடம் மனம் விட்டுப் பேசும்படி அந்த ஆட்களுக்குச் சொன்னவள் நான். இப்போது நிழலில் உட்காருவதெல்லாம் கிடையாது. கம்பி கட்டுகிறவர்களில் எப்போதும் கேலி பேசிக்கொண்டிருப்பாரே 'ரேடியோ', அவர் போன வாரம் மேல்தளத்தில் மயங்கி விழுந்துவிட்டார். உயிர் தப்பியது. இன்னும் எழுந்து நடக்கவில்லை. மருத்துவமனைக்குப் போனேன். அவர் மனைவி வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "உங்க தம்பின்னுதானம்மா எல்லாத்தையும் சொன்னாங்க. ரெண்டு பேரும் பேசிவெச்சு செஞ்சிட்டீங்களே" என்றாள். சத்தம் போட்டிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். வாங்கிப்போன பழத்தோடு திரும்பிவிட்டேன்.

பட்டமளிப்பு விழாவுக்கு அம்மாவைப் பஸ் ஏற்றிவிடுகிறேன். நான் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே சொல். அவள் சந்தோஷத்தில் நாம் கைவைக்க வேண்டாம்.

அவளைத் திரும்பக் கொண்டுவரும்போது வாசலில் இறக்கிவிடு, என் வீட்டுக்குள் வராதே. நேராக மருத்துவமனைக்குப் போ. அக்காவுக்கு எதுவும் தெரியாது என்று அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ. அது போதும்.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இரு.

உன் அக்கா