இருபத்தெட்டாம் நாள் மூட்டை

மார்ச் 3
இன்று இருபத்தெட்டாம் நாள். மூட்டை கட்டும் திருநாள்.

ஃப்ரெஸ்னோ நகரில் இந்த விடுதிக்கென்று ஒரு சட்டம்: யாரும் தொடர்ந்து முப்பது நாள் தங்கக் கூடாது. மாதம் ஒரு நாள் வெளியே போய்விட்டு, மறுநாள் அதே 14ஆம் அறைக்குப் புதுக் கையெழுத்துப் போட்டு வர வேண்டும். ஏன்? கேட்டால் 'வழக்கம்' என்பார்கள். அந்த ஒரு இரவு நான் காரில் குடித்தனம். கவர்னர் (என் தங்கமீன்) ஊறுகாய் பாட்டிலில், முன் இருக்கையில், பெல்ட் போட்டுக்கொண்டு. தூக்கிக்கொண்டு போக வசதி என்றுதான் அவனுக்குப் பாட்டில் வீடு.

பக்கத்து அறை ஓடெல்லா தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பியபடியே கத்தினாள்: "உன் மீனுக்கு லைசென்ஸ் எடுத்துக் குடுத்துடுடி, அதுவே ஓட்டிட்டுப் போகட்டும்!"

மார்ச் 4
திரும்பியாயிற்று. "வாங்க கிளெட்டா, எங்க விடுதிக்கு முதல் தடவையா?" என்றான் மேலாளர் டுவேன், வழக்கம்போல. நல்லவன்தான். வேலை போய்விடுமோ என்ற பயம் அவனுக்கு.

மார்ச் 11
ஆபீஸ் சுவரில் டுவேன் மாதம் ஒருவர் படத்தை மாட்டுவான். 'இந்த மாத விருந்தினர்.' இந்த மாதம் நான்! கேக் கூட வெட்டினோம். படத்துக்குக் கீழே அவன் கையெழுத்தில்: 'கிளெட்டா, 14ஆம் அறையில் மூன்று வருடம். நம்ம வீட்டு மனுஷி!' தேதி, கையொப்பம், மேலே லேமினேஷன்.

படத்தில் எனக்குக் கண் மூடியிருக்கிறது. மாற்றச் சொன்னேன்.

"கண்ண மூடினாத்தான் நீங்க அமைதியா இருக்கீங்க" என்றான்.

மார்ச் 19
கதவிடுக்கில் காகிதம். புது முதலாளி ஸ்ட்ராண்ட் விடுதியைச் சுற்றுலாக்காரர்களுக்காகப் புதுப்பிக்கிறாராம். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பூட்டை மாற்றிவிடுவார்.

போய்க் கேட்டேன். "நீங்க விருந்தாளி மேடம். விருந்தாளின்னா ஒருநாள் கிளம்பணும்ல?" என்றார், சிரித்துக்கொண்டே.

மூணு வருஷமா இந்த ஜன்னலத் துடைக்கிறேன். விருந்தாளி ஜன்னல் துடைப்பாளா? எங்க போவேன்? இனிமே மாசம் முப்பது நாளும் கார்லயா? — அழுதேன். கவர்னர் பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 20
நூலகத்தில் இலவசச் சட்ட உதவி. வக்கீல் இமெல்டா க்வான், சின்னப் பெண், பெரிய குரல்.

"முப்பது நாள் தாண்டிட்டா நீங்க குடியிருக்கிறவங்க. கோர்ட் உத்தரவில்லாம பூட்ட முடியாது. நீங்க தாண்டக் கூடாதுன்னுதான் இருபத்தெட்டாம் நாள் வெளிய அனுப்புறாங்க. அப்படி அனுப்புறதே தப்பு!"

இதற்காகவா மூன்று வருடம் மீனை ஊர்வலம் கொண்டு போனேன்!

"தொடர்ந்து அங்கதான் இருந்தீங்கன்னு எழுத்துல ஏதாவது இருக்கா? விடுதிப் பதிவேட்டுல மாசாமாசம் புதுசா வந்த மாதிரிதான் இருக்கும்."

இல்லை என்று எழுந்து வந்துவிட்டேன். சிக்னலில் நிற்கும்போதுதான் ஞாபகம் வந்தது. என் மூடிய கண்! அதன் கீழே டுவேன் எழுதிய 'மூன்று வருடம்'!

மார்ச் 21
ஆபீஸுக்கு ஓடினேன். சுவர் காலி. பெயிண்ட் வாடை.

"படம் எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொன்னாரு ஸ்ட்ராண்ட்" என்றான் டுவேன்.

படம் எதற்கு என்பதை மறைக்க மனம் வரவில்லை. "அது உங்க முதலாளிக்கு எதிராப் போகும் டுவேன். உன் கையெழுத்து இருக்கு. உன் வேலைக்கே ஆபத்து" என்று சொல்லிவிட்டேன்.

வெகுநேரம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்தான்.

"லேமினேஷன் போட்டத எவனாவது குப்பையில போடுவானா?"

மார்ச் 24
வெள்ளி மதியம். ஸ்ட்ராண்ட், பூட்டுக்காரர், ஒரு போலீஸ்கார அம்மா. இமெல்டா எழுதிக் கொடுத்த கடிதத்தையும் படத்தையும் நீட்டினேன்.

"தூங்கும்போது எடுத்ததா?" என்று கேட்டார் அந்த அம்மா. பிறகு ஸ்ட்ராண்டிடம், "சார், இது கோர்ட் விஷயம். பூட்டத் தொடாதீங்க" என்றார்.

"யார் இதை எழுதினது?" ஸ்ட்ராண்ட் கத்தினார். டுவேன் பள்ளிக்கூடப் பையன்போல் கையைத் தூக்கினான். ஓடெல்லா கை தட்டினாள்.

மார்ச் 27
டுவேனையும் இமெல்டாவிடம் அழைத்துப் போனேன். இதற்காக அவனை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று ஸ்ட்ராண்டுக்கு இன்னொரு கடிதம் போயிருக்கிறது.

மார்ச் 31
இருபத்தெட்டாம் நாள். பதினொரு மணிக்கு, வழக்கமாக வெளியே அனுப்பும் நேரத்துக்கு, கதவு தட்டப்பட்டது. டுவேன்.

"ஒண்ணுமில்ல. கால் தானா வந்துடுச்சு."

காபி கொடுத்தேன்.

ஏப்ரல் 2
முப்பதாம் நாள். கவர்னருக்குக் கண்ணாடித் தொட்டி வாங்கினேன். கூழாங்கல் போட்டு, விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, நானும் ஓடெல்லாவும் டுவேனும் சேர்ந்து தூக்கிப் பார்த்தோம்.

தொட்டி அசையவில்லை.