நான் வேண்டாமென்ற வார்த்தை

என்னங்க,

பாப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன். ஷிஃப்ட் முடிந்து பசியோடு வருவீர்கள், சோறு மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டே வாருங்கள். அவள் வெறும் வயிறு, அவள் எதிரில் எதையும் மெல்லாதீர்கள். அச்சாபீஸ் மை போகக் கையைத் தேய்த்துக் கழுவுங்கள். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

கட்டி கண்ணைத் தாண்டவில்லை, அந்த ஒரு கண்ணை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டரம்மா நேற்றும் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறேன்.

திங்கட்கிழமை நீங்கள் அவளைக் "கண்ணு"ன்னு கூப்பிட்டதற்கு எரிந்து விழுந்தேன். "இனிமே இந்த வீட்டுல அந்த வார்த்தையே வேண்டாம்" என்றேன். தூங்கிப் பல நாளாகிறது, என்ன பேசுகிறேன் என்று எனக்கே தெரிவதில்லை. நீங்களும் அதோடு வாயை மூடிக்கொண்டீர்கள்.

பத்து மணிக்குள் வந்துவிடுங்கள்.

பி.கு.: செருப்பு மாட்டிவிடும்போது கேட்கிறாள்: "அப்பாவுக்கு எம்மேல கோவமாம்மா? இப்பல்லாம் என்னைக் கண்ணுன்னு கூப்பிடவே மாட்டேங்குறாரே." அவளை உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் வந்து கூப்பிடுங்கள். வார்டே திரும்பிப் பார்த்தாலும் பரவாயில்லை, சத்தமாகக் கூப்பிடுங்கள்.