நீ எடுத்துக்கொண்ட நன்றியுரை

நேற்று எனக்குப் பல்செட் மாட்டினார்கள். டாக்டருக்கு என் பேரன் வயதிருக்கும். ஈறைத் தடவிப் பார்த்துவிட்டு, "மத்த பல்லெல்லாம் வயசுல விழுந்திருக்கு தாத்தா. இந்த முன்பல் மட்டும் ரொம்ப முன்னாலயே போயிருக்கே?" என்றார்.

"அது விழல. ஒரு வக்கீல் கழத்துனது" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்றேன். சிற்றாற்றங்கரையில் நீ குத்திய இடத்தில் புதுப்பல் வெள்ளையாக நிற்கிறது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நீ போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. நம் வழக்கு மட்டும் முடியவில்லை.

நாம் இருவரும் ஒரே மாலையில்தான் ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தில் சேர்ந்தோம். தென்காசியில் அதைத் தலைவெட்டிக் கூடம் என்பார்கள். உள்ளே போகிறவன் தலையை வெட்டி மறுபடி ஒட்டுகிறார்கள் என்று பேச்சு. ஆணி வாங்க வந்தவர்கள் என் கழுத்தை உற்றுப் பார்த்துவிட்டுப் போனார்கள். நீ வக்கீல், உன்னைச் சேர்த்ததில் யாருக்கும் வியப்பில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட இரும்புக் கடைக்காரன். ஆணி மடிக்க வாங்கிய பழைய ஆங்கிலப் பேப்பர்களைப் படித்துப் படித்தே அந்த மொழியைக் கற்றவன். கூடத்துக்குள் எல்லாரும் சகோதரர், உயர்வு தாழ்வு கிடையாது என்றார்கள். எழுத்துக்கு எழுத்து நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் மற்ற ஊர்க் கூடங்களுக்குப் போய் வருவது வழக்கம். நாம் முதலில் போனது செங்கோட்டைக்கு. கூட்டம் முடிந்து சாப்பிடும்போது விருந்தாளிகளை வாழ்த்துவார்கள். விருந்தாளிகளில் ஆகப் புதியவன் எழுந்து நன்றி சொல்ல வேண்டும். சேர்ந்த அன்று உனக்குப் பிறகுதான் என்னை உள்ளே அழைத்தார்கள். ஆகவே புதியவன் நான். அந்த நன்றியுரையை ஆங்கிலத்தில் நானே எழுதி, தராசில் ஆணி நிறுத்துக்கொண்டே மனப்பாடம் செய்திருந்தேன். வாங்க வந்தவர்கள் நான் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்தார்கள்.

வாழ்த்து முடிந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். நீ என் தோளை அமுக்கி உட்கார வைத்துவிட்டு எழுந்தாய். என் நண்பருக்கு ஆங்கிலம் வராது, அவருக்காக நான் சொல்கிறேன் என்று தொடங்கினாய். சொக்கவைக்கும் ஆங்கிலம். மேசையைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் என்னைக் கனிவோடு பார்த்தார்கள். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கனிவைத் தாங்க முடியவில்லை.

வெளியே ரயிலடிச் சாலையில் உன் சட்டையைப் பிடித்தேன்.

"ஏலே, எம் பேச்ச எதுக்குலே எடுத்த?"

"ஒன்னயக் காப்பாத்துனேம்லே. அத்தன பேரு முன்னால திக்கிட்டு நின்னா என்ன ஆவுறது?"

"திக்குனா நான் திக்குதேன். தப்புன்னு சொல்லு."

"நல்லாருக்கே. நன்றி சொல்ல வேண்டியவன் தப்புச் சொல்லச் சொல்லுதான்."

அறைந்தேன். உன் மூக்குக் கண்ணாடி தெறித்துக் குதிரை வண்டிச் சக்கரத்தில் நொறுங்கியது. நம் கூடத்துச் சகோதரர்கள் நம்மைப் பிரித்து வெவ்வேறு ரயில் பெட்டியில் ஏற்றினார்கள்.

அடுத்தது குற்றாலம். சாரல் காலம். கூடம் நடந்த பங்களா வாசலில் ஆய்க்குடி அண்ணாச்சி உருவிய வாளோடு காவல் நின்றார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். சுற்றுவட்டாரக் கூடங்களுக்கெல்லாம் அவர்தான் வாசல் காவல். செங்கோட்டைச் சண்டை அவர் காதுக்கு வந்திருந்தது. கூடத்தில் ஒரு விதி உண்டு. இரண்டு சகோதரர்களுக்குள் பகை இருந்தால் உள்ளே நுழைய இடுப்பில் அணியும் வெள்ளைத் தோல் ஏப்ரனைக் கட்டக் கூடாது. வெளியே போய்த் தீர்த்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

வாளைக் குறுக்கே நீட்டி, "போய் முடிச்சுட்டு வாங்கவே" என்றார் அண்ணாச்சி. "ஏப்ரன இங்கன வச்சுட்டுப் போங்க. ரத்தம் பட்டா போவாது."

உன்னைவிட அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது.

ஆற்றங்கரையில் நீ முதலில் குத்தினாய். கண்ணாடிக்குப் பதில் என்றாய். முன்பல் நாக்கில் விழுந்தது. துப்பிவிட்டு உன் கழுத்தைப் பிடித்தேன். இருவரும் பாறையில் சறுக்கிச் செம்மண் வெள்ளத்தில் விழுந்தோம். பேரருவியின் இரைச்சலில் நீ கத்தியது எனக்கே பாதிதான் கேட்டது. உன் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினேன், தூக்கினேன்.

"தப்புன்னு சொல்லு."

"காப்பாத்துனேம்லே."

மறுபடி அமுக்கினேன். மறுபடி தூக்கினேன். தண்ணீரைக் கக்கிக்கொண்டு அதையே சொன்னாய். என் விலாவில் முழங்காலால் இடித்தாய். ஏதோ முறிந்தது. அதற்குமேல் என் கையில் பிடி இல்லை. உன் காலில் நிலை இல்லை. ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு பங்களாவுக்கு நடந்தோம். பார்த்தவர்கள் குடித்திருக்கிறார்கள் என்று ஒதுங்கினார்கள்.

"முடிஞ்சுதா?" என்றார் அண்ணாச்சி.

"முடிஞ்சுது" என்றாய் நீ.

"முடியல" என்றேன்.

"ஒரு வார்த்த சொல்லுலே, உள்ள போவோம்" என்று என் காதில் கெஞ்சினாய். நான் ஒரு பொய் சொல்லியிருந்தால் இருவரும் உள்ளே போயிருக்கலாம். விதியைப் பாதி மட்டும் நம்ப எனக்குத் தெரியாது.

"அப்பம் மழையில நில்லுங்க" என்றார் அண்ணாச்சி. நின்றோம். கூட்டம் முடியும்வரை நீயும் நின்றாய்.

அதன் பிறகு நான் எந்தக் கூடத்திலும் நுழையவில்லை. நீ போய்க்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன். தெருவில் எதிரே வந்தால் நீ கண்ணாடியைத் தொட்டுப் பார்ப்பாய். நான் பல் போன இடத்தை நாக்கால் தொடுவேன். அவ்வளவுதான் நம் பேச்சு. வருடங்கள் போயின.

ஒருநாள் ஆரியங்காவு வளைவில் மரத்தடி ஏற்றிய லாரி உன் கார்மேல் கவிழ்ந்தது என்று கடைக்கு ஆள் ஓடி வந்தான். கடையில் இருந்த கடப்பாரைகளை எல்லாம் வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன். ஒவ்வொரு தடியாக நெம்பிப் புரட்டினோம். உள்ளங்கை கிழிந்து கடப்பாரை வழுக்கியது. "தப்புன்னு சொல்லிட்டுப் போலே" என்று தடிகளுக்குள் கத்திக்கொண்டே புரட்டினேன். பைத்தியம் என்று என்னை இழுத்தவனைக் கடப்பாரையால் அடிக்கப் போனேன். கடைசித் தடிக்கு அடியில் நீ இருந்தாய். உன் கண்ணாடி உடையாமல் இருந்தது.

உன் பதினாறாம் நாளன்று ஆய்க்குடி அண்ணாச்சி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"குத்தாலத்துக்குப் பொறவு அவனும் எங்கயும் உள்ள வரல, தெரியுமாவே? வாசல் வரைக்கும் வருவான். 'அவன் வந்தானா?'ம்பான். இல்லன்னா திரும்பிப் போயிருவான்."

அது மன்னிப்பு ஆகாது. சொல்ல வேண்டிய வார்த்தையை என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். இன்று நீ எதிரே வந்தாலும் சட்டையைப் பிடிப்பேன். ஏப்ரன் பெட்டியில் அந்துருண்டை வாசனையோடு கிடக்கிறது. கட்டவில்லை. பகையைத் தீர்க்க வேண்டியவன் செத்துப்போனால் என்ன செய்வது என்று விதியில் இல்லை.

பல் போன பிறகு என் ஆங்கிலமெல்லாம் காற்றாகத்தான் வந்தது. நேற்று புதுப்பல்லோடு கண்ணாடி முன் நின்று அந்த நன்றியுரையைச் சொன்னேன். தெரியாத வாசலைத் தட்டினோம், சகோதரன் என்று சொல்லித் திறந்தீர்கள் என்று தொடங்கும். கடைசி வரி வரைக்கும் போனேன். ஒரு சொல்லும் மறக்கவில்லை.

திக்கவும் இல்லைலே. ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை.