அணில் கடித்த கொய்யா

3 பிப்ரவரி 2064, காலை 6.15

உப்புநிலக் கண்ணாடித் தோட்டம். பதிவு செய்பவர்: பவுலின், அணில் பராமரிப்பு.

வெப்பம் சரி. ஈரம் சரி. மரங்கள் நலம். அணில்கள் எல்லாம் பழம் தின்றன. பறிக்கும் இயந்திரம் நேற்றைய பழங்களைச் சுவர்த் துளை வழியே வெளியே நிற்கும் வண்டிக்குள் தள்ளிவிட்டது. ஓட்டுநர் இல்லாத வண்டி. தானாகப் போய்விட்டது.

மேலாளர் நிர்மல் சாரும் மற்றவர்களும் பழத்தின் அறிமுக விழாவுக்குச் சென்னை போயிருக்கிறார்கள். நான் மட்டும் இருக்கிறேன். மகரந்தம் வெளியே போகக் கூடாது என்பதால் கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும்.

இன்றைய வேலை: நிஜ அணில் கடித்த கொய்யாவையும் தானாகத் தடம் வந்த கொய்யாவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. வித்தியாசம் தெரியவில்லை. வேலை வெற்றி.

4 பிப்ரவரி, காலை 6.30

யார் படித்தாலும் புரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன். இங்கே விளையும் கொய்யாவில் அணில் பல் பட்ட தடம் தானாகவே வரும். மரபணுவில் அப்படிச் செய்திருக்கிறார்கள். பட்டணத்துக் கடைகளில் பளபளப்பான பழத்தை இப்போது யாரும் தொடுவதில்லையாம். கரும்புள்ளி வேண்டும். கடித்த தடம் வேண்டும். அணில் கடித்தால் மருந்தடிக்காத பழம், இயற்கைப் பழம். அதனால் கம்பெனி காயத்தையே பயிர் செய்கிறது.

இன்று அணில்களை எடை போட்டேன். எல்லாம் போன மாதத்தைவிடக் குறைவு. மாதக்கணக்காகப் பழம் தின்னும் பழைய கூண்டு அணில்களின் முதுகெலும்பு கையில் தட்டுகிறது. ஆனால் வயிறு நிறையத் தின்கின்றன.

4 பிப்ரவரி, மாலை 5.00

சென்னையிலிருந்து வந்த குரல், அப்படியே:

"பவுலின், நிர்மல் பேசறேன். 'எடை குறைவு'ன்னு பதிவுல போட்டிருக்க. ஏன்மா? அது ஒருதடவை ஏறிட்டா யாராலயும் அழிக்க முடியாது, சட்டம் அப்படி, தெரியும்ல? எல்லாம் நார்மல்னு ஒரு வரி போட்டா போதும். ஸ்வீட் வாங்கிட்டு வரேன்."

அழிக்க முடியாது என்பது எனக்குத் தெரியாது. சொன்னதற்கு நன்றி.

5 பிப்ரவரி, காலை 6.20

பழைய கூண்டில் ஒரு அணில் செத்துக் கிடந்தது. வாயில் கொய்யாத் துண்டு. அறுத்துப் பார்த்தேன். கருவாட்டுக் கிட்டங்கியில் மீன் அறுக்கும் வேலை பார்த்தவள், அறுக்கப் பயமில்லை. இரைப்பை நிறையப் பழம். உடம்பில் நூல் அளவு கொழுப்பு இல்லை.

எல்லாக் கூண்டிலும் பழத்தை எடுத்துவிட்டு நிலக்கடலை வைத்தேன். ஒன்றுகூட மோந்து பார்க்கவில்லை.

6 பிப்ரவரி, மாலை 4.10

வாரத்துக்கு ஒருமுறை வீட்டோடு பேச விடுவார்கள். எனக்கு வீடு என்றால் அக்கா ஜோதிதான். அம்மா போன பிறகு அவள்தான் என்னை வளர்த்தாள். மச்சான் ஆழ்கடலுக்குப் போனால் வர மாதக்கணக்காகும். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து இப்போது உண்டாகியிருக்கிறாள். ஆறாம் மாதம்.

அக்கா சொன்னது:

"ஏட்டி பவுலி, சாப்ட்டியா? உங்க கம்பெனிப் பெட்டி இந்த வாரமும் வந்துட்டு. அம்புட்டும் அணில் கடிச்சது! பக்கத்து வீட்டுத் தெரசா மைனி பாத்துட்டு வாயைப் பொளந்துட்டா. முந்தி சோத்தைப் பாத்தாலே கொமட்டும்லா? இப்ப கொமட்டவே இல்லட்டி. காலைல ஒரு பழம், மத்தியானம் ஒரு பழம், முடிஞ்சி சோலி. அடுப்பே பத்த வைக்கதில்ல."

பெட்டியா? கேட்டேன். மூன்று வாரமாக வருகிறதாம். ஊழியர் வீட்டுக்கு அன்பளிப்பாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

பழத்தைத் தின்னாதே என்று சொல்வதற்குப் பதில் மச்சான் எப்போது வருவார் என்று கேட்டேன். எப்போதும் இப்படித்தான். பேச வேண்டிய இடத்தில் வேறு எதையாவது பேசிவிடுவேன். வகுப்பில் எழுந்து பதில் சொல்லச் சொன்னார்கள் என்றே எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நேரம் முடிந்து இணைப்பு போய்விட்டது.

என் மேலேயே எனக்கு ஆத்திரம்.

8 பிப்ரவரி, காலை 7.00

புதிய கூண்டு அணில்கள் கடலை தின்றன! முதலில் கத்தின, கம்பியைக் கடித்தன, பிறகு தின்றன. பழைய கூண்டு அணில்கள் தின்னவில்லை. இரண்டு செத்துவிட்டன. பக்கத்திலேயே கடலை இருக்கிறது.

பழத்தைப் புதிதாகத் தின்றவற்றுக்குப் பசி திரும்புகிறது. ரொம்ப நாள் தின்றவற்றுக்குத் திரும்பவில்லை.

அக்கா எந்தக் கூண்டு?

8 பிப்ரவரி, பகல் 12.40

நிர்மல் சாரைக் கூப்பிட்டேன். இந்த முறை கேட்டேன். பதிவு இயந்திரம் பதிந்தது இதோ.

"சார், இந்தப் பழத்துல என்ன வெச்சிருக்கீங்க?"

"பசி அடக்கறதும்மா. ஒரு பழம், ஒரு வேளை பசிக்காது. ஜிம்முக்குப் போக சோம்பேறித்தனப்படறவன் எல்லாம் க்யூவுல நிக்கப் போறான்."

"அணிலெல்லாம் சாகுது சார். மெலிஞ்சி மெலிஞ்சி சாகுது."

"மெலியறதுக்குத்தானே ஜனங்க பணம் கொடுக்கறாங்க? அணிலுக்கு நிறுத்தத் தெரியாது, மனுஷனுக்குத் தெரியும்."

"எங்கக்கா உண்டாயிருக்கா சார். வெறும் பழமா தின்னுட்டு இருக்கா. புள்ளத்தாச்சி திங்கக்கூடாதுன்னு பெட்டில போட்டா என்ன?"

"போட்டா இயற்கைப் பழம்னு யாரும்மா நம்புவான்? தள்ளுவண்டிக் கொய்யாவுல எச்சரிக்கை ஒட்டியா விக்கறான்? பெட்டி போன எல்லா வீட்டையும் நாங்க கவனிச்சிட்டுத்தான் இருக்கோம். நீ டென்ஷன் ஆகாத."

கவனிக்கிறார்களாம். நானும் இங்கே கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். கூண்டுக்கு வெளியே நின்று, தினமும், எடை போட்டு. அக்கா வீடும் ஒரு கூண்டு. அதற்குப் பெயர் அன்பளிப்பு.

13 பிப்ரவரி, மாலை 4.15

இந்த வாரம் இணைப்பு கிடைத்ததும் கத்திவிட்டேன்.

"எக்கா, அந்தப் பழத்தைத் திங்காத. கையெடுத்துக் கும்புடுதேன், திங்காத."

"என்னட்டி சொல்லுத? அணிலுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்? மருந்தடிச்சதை அது மோந்துகூடப் பாக்காது."

"அணில் கடிக்கலக்கா. அந்தத் தடம் மரத்துலயே தானா வருது."

"ஆமா, மரத்துக்குப் பல்லு மொளச்சிருக்கு! தனியா கெடந்து ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிட்டுட்டி."

"நர்ஸம்மா என்ன சொன்னா?"

"புள்ள எடை ஏறலங்கா. அவளுக்கு அதே சோலி. பயத்தங்கஞ்சி குடி, முட்டை தின்னுங்கா. எறங்குனாத்தான? கோயில் காம்பவுண்டுக் கொய்யாவைத் தெரசா மைனி கொண்டாந்தா. பூரா புழு. தூக்கிப் போட்டேன்."

அந்தப் புழு தின்றதைத் தின்றிருக்கலாம் அக்கா. புழு பொய் சொல்லாது. இதைச் சொல்வதற்குள் இணைப்பை அறுத்துவிட்டார்கள்.

14 பிப்ரவரி, காலை 6.00

செய்தி: "பவுலின், இனி நீ வெளிய பேச முடியாது. நாங்க வர்றதும் தள்ளிப் போகுது. அரிசி தீர்ந்தா கவலைப்படாத, பழம்தான் இருக்கே."

வெளியிலிருந்து வரும் குரல் மட்டும் எனக்குக் கேட்கும் போலிருக்கிறது.

அரிசி நேற்றோடு தீர்ந்துவிட்டது. அணிலுக்கு வைத்த கடலையில் பாதி எனக்கு. வண்டி இன்றும் பழத்தோடு போனது. அதில் எத்தனை ஜோதி அக்காக்களின் வீட்டுப் பெட்டிகளோ!

பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தடத்தைத் தடவி, நல்லது என்று நம்பி வாங்குபவர்களை நினைக்கிறேன். அவர்களைத் திட்டத்தான் இத்தனை நாள் தோன்றியது. இன்று தோன்றவில்லை. நல்லதைத் தின்ன ஆசைப்பட்டது ஒரு குற்றமா? அந்த ஆசையைப் பிடித்து அதிலேயே தூண்டில் செய்தவனைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை.

14 பிப்ரவரி, மாலை 6.20

தெரிந்துவிட்டது.

இங்கே தண்ணீர் கடலிலிருந்து வருகிறது. இயந்திரம் உப்பைப் பிரித்து நல்ல தண்ணீரை மரத்துக்கு விடுகிறது. இயந்திரம் பழுதானால் கடல்நீரை அதில் நுழையாமல் திருப்பிவிட, கதவுக்கு இடப்பக்கம் ஒரு சக்கரம் உண்டு. சிவப்பு வண்ணம். "தொடாதே" என்று எழுதியிருக்கிறது.

முழுக்கத் திருகிவிட்டேன். கடல்நீர் நேராக வேருக்குப் போகிறது.

எக்கா, இனி உனக்குப் பெட்டி வராது. என்னைத் திட்டு. பசித்துத் திட்டு.

17 பிப்ரவரி, காலை 6.15

வெப்பம் பார்க்கவில்லை. ஈரம் பார்க்கவில்லை. இலைகளின் ஓரம் தீய்ந்து சுருள்கிறது. காய்கள் உதிர்ந்து கிடக்கின்றன, கடித்த தடத்தோடு. உதிர்ந்ததைப் பறிக்கும் இயந்திரம் எடுப்பதில்லை; மூன்று நாளாக வண்டி காலியாகப் போகிறது.

கடலை முடிந்தது. மிச்சமிருந்த கடைசிப் பிடியைப் புதிய கூண்டுக்குப் போட்டேன். தரையெல்லாம் கொய்யா. வாசனை தாங்க முடியவில்லை. தொடவில்லை. தொட மாட்டேன்.

19 பிப்ரவரி, காலை

அக்காவின் குரல் வந்தது. எழுத்துக்கு எழுத்து எழுதுகிறேன், கை ஓடும்வரை.

"ஏ பவுலி, கேக்குதா? பெட்டி வரல. கம்பெனிக்காரன் போனை எடுக்க மாட்டேங்கான். என்னட்டி பண்ணித் தொலைச்ச? நாலு நாளா ஒண்ணும் எறங்கல, வெறுந்தண்ணிதான் எறங்குச்சி. செத்துருவேன்னு நெனச்சேன். இன்னைக்கு விடியக்குள்ள வயிறு கெடந்து காந்துது. வலின்னு பயந்துட்டேன். வலி இல்லட்டி, பசி! அது எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. தெரசா மைனிட்ட கஞ்சி வாங்கிக் குடிச்சேன். பாதி வெளிய வந்துட்டு, பாதி நின்னுட்டு. உள்ள கெடந்து ஒதைக்கான் பாத்துக்க. நீ வீட்டுக்கு வா, ஒன்னைய வெளக்குமாத்தால வெளுக்கேன்."

திரும்பத் திரும்பக் கேட்டேன். பசிக்கிறதாம். என் அக்காவுக்குப் பசிக்கிறதாம்.

19 பிப்ரவரி, வெயில் ஏறிவிட்டது

வெளியே வண்டிச் சத்தம். ஆள் சத்தமும் இருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் நிர்மல் சார் குரல்:

"பவுலின், நீ செஞ்சதுக்கு நான் அழுவேன்னு நெனச்சியா? இது வெறும் ஒரு தோட்டம். வேம்பார்ல ஒண்ணு ஓடுது, மரக்காணத்துல ஒண்ணு ஓடுது. நாளைக்கே பெட்டி போகும், உங்கக்காவுக்கும் சேத்துத்தான். அந்தப் பதிவு இயந்திரத்தை விட்டுத் தள்ளி நில்லு."

தள்ளி நிற்கவில்லை. அழிக்க முடியாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.

இதைப் படிப்பவருக்கு. என் அக்கா பெயர் ஜோதி, அந்தோணியார் கோயில் தெரு, தருவைக்குளம். பெட்டி வந்தால் வாங்கவே கூடாது என்று யாராவது போய்ச் சொல்லுங்கள். நான் சொன்னேன் என்றால் நம்ப மாட்டாள், தெரசா மைனியை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

மற்ற இரண்டு தோட்டமும் கடல் ஓரம்தான். இயந்திரமும் இதே இயந்திரம்தான். உள்ளே போனதும் இடப்பக்கம் பாருங்கள், சிவப்புச் சக்கரம், வலப்பக்கமாகத் திருகினால் திறக்காது, கதவைத் திறந்துவிட்டார்கள், இடப்பக்கமாக, முழுக்க, கடைசிவரை