சாய்ந்த மேஜையில் உலக யுத்தம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே மூன்று பேருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, மனசைப் பற்றிப் போகப்போகச் சொல்கிறேன். அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போய், இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். நீ அனுப்பின இரண்டு விளையாட்டுப் பெட்டிகளும் வந்து சேர்ந்தன. கொண்டுவந்து கொடுத்தது யார் தெரியுமா, உன்னோடு படித்த ஒல்லி. இப்போது பார்சல் கம்பெனியில் வண்டி ஓட்டுகிறான். கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவன் அங்க என்னம்மா வேலை பாக்கறான் என்று கேட்டான். நாடு பிடிக்கிற விளையாட்டில் அதிர்ஷ்டம் எவ்வளவு வைக்கலாம், வியூகம் எவ்வளவு வைக்கலாம் என்று ஆபீசில் உட்கார்ந்து பேசுகிறானாம் என்றேன். அதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா என்று சிரித்தான். நீங்கள் இரண்டு பேரும் ஒரே மார்க்குதான். நேர்முகத் தேர்வு அன்றைக்கு அவனுக்கு அம்மை போட்டிருந்தது, உனக்குப் போடவில்லை, அவ்வளவுதான். வாழ்க்கையிலயும் வியூகம்தாம்மா எல்லாம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் எல்லாரும் விளையாடிப் பார்த்து, எதில் அதிர்ஷ்டம் ஜெயிக்கிறது, எதில் வியூகம் ஜெயிக்கிறது என்று எழுதச் சொல்லியிருந்தாய். மூன்று பேராக உட்கார்ந்திருந்தால் உனக்கு ஒழுங்கான பதில் கிடைத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் மோட்டாரைப் பார்க்க வந்த வீட்டுக்காரர் பெட்டியைப் பார்த்துவிட்டார். அட, இது மூளைக்காரங்க ஆட்டமாச்சே என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். போ என்று சொல்ல முடியுமா? வாடகை ஒப்பந்தம் இந்த மாசத்தோடு முடிகிறது. இன்னும் ஒரு வருஷம் இருந்துக்கட்டுமா சார் என்று அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார், அவர் பாக்கலாம் பாக்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். உன் தங்கைக்கு இது பொதுத்தேர்வு வருஷம், பள்ளிக்கூடம் அடுத்த தெருவில். அப்பாவுக்கு பஸ் டெப்போ நடக்கிற தூரம். எனக்கும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஈரத் துணி தூக்கிவிட்டு வந்து பஸ்ஸில் நிற்க இடுப்பு இல்லை. அதனால் அந்த நாற்காலி அவருக்குத்தான்.

முதலில் பகடைப் பெட்டி. உலகப் படத்தை விரித்து, நகம் அளவு சிப்பாய்களை அடுக்கினோம். ஒரே ஒரு வழி மட்டும் உள்ள மூலைத் தீவை வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார், யாரும் கேட்கவில்லை. ஆறு விழுந்தால் அவருக்கு மூளை, ஒன்று விழுந்தால் மேஜை. மேஜை சாயுதுப்பா என்று பகடையை எடுத்து மறுபடி உருட்டுவார். மேஜை எங்கே சாய்ந்தது, அவர் வீட்டுத் தரைதான் மழைக்கு மழை ஒரு மூலையில் இறங்குகிறது, ஏழு வருஷமாக அப்பா சொல்லி வாய் வலித்துவிட்டது. ஆனால் அன்றைக்கு அப்பா, ஆமா சார் கொஞ்சம் சாயுது என்று உன் பெட்டியின் மூடியைக் கிழித்து மடித்து மேஜைக் காலுக்குக் கீழே வைத்தார். தீவுக்கு எதிரே அப்பாவிடம் மலை மாதிரி படை நின்றது, ஒரு தடவைகூட அடிக்கவில்லை. கேட்டால் தற்காப்பு என்றார். வீட்டுக்காரர் ஜெயித்துவிட்டு, உழைச்சு முன்னேறினவனுக்கு இது தானா வரும் என்றார். அந்த வீடு மாமனார் கொடுத்தது, தெருவுக்கே தெரியும்.

அடுத்த வாரம் பகடை இல்லாத பெட்டி. எல்லாரும் மறைவாகச் சீட்டில் உத்தரவு எழுதி ஒரே நேரத்தில் பிரிக்க வேண்டும், அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை என்று விதியில் பெருமையாகப் போட்டிருந்தீர்கள். சீட்டைப் பிரித்தோம். அப்பா எழுதியிருந்தது, என் படை பின்வாங்குகிறது, சார் வரட்டும். உன் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். விளையாட்டுலயும் வாடகை கட்டணுமாப்பா என்று கேட்டாள். நான் அவள் தொடையைக் கிள்ளினேன். கிள்ளினபோது எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது. அடுத்த சுற்றில் நானும் என் சீட்டில் அதையேதான் எழுதினேன்.

இப்படியே வாராவாரம் தோற்றோம். போன வியாழக்கிழமை ஒரு பெயிண்டர் வந்து வாசலில் நின்றார். அக்கா, நீங்க எப்ப காலி பண்றீங்க, வரப்போறவங்க முன் ரூமுக்கு நீலம் கேக்கறாங்க என்றார். யார் வரப்போறவங்க என்றேன். ஓனரோட மச்சான் குடும்பம், என்கிட்ட வேலை பேசி ஒரு மாசம் ஆச்சே என்றார். அந்த மனுஷனைக் குறை சொல்லி என்ன, அவர் பாவம் சுவரை அளந்துவிட்டுப் போனார். ஒரு மாசம் என்றால் முதல் ஆட்டத்துக்கும் முன்னாடி. எங்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டு, பாக்கலாம் சொல்லிக்கொண்டு, எங்கள் தேசங்களை ஒவ்வொன்றாக அள்ளிக்கொண்டிருந்தாரே, அத்தனையும் தெரிந்துதான். எனக்கு அப்போதே அவர் வீட்டு வாசலில் போய்க் கத்த வேண்டும் போல இருந்தது. அப்பா மட்டும், இரு, ஞாயித்துக்கிழமை வருவார் என்றார்.

வந்தார். டீ கேட்டார், கொடுத்தேன். பகடைப் பெட்டியை அப்பாவே எடுத்துப் பிரித்தார். முதல் முறையிலேயே மொத்தப் படையையும் தீவின் மேல் ஏவினார். வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஆனால் பார், உன் அதிர்ஷ்டம் என்ன செய்தது தெரியுமா, அப்பாவுக்கு ஒன்று, மறுபடி ஒன்று, இரண்டு, ஒன்று. சிப்பாய்கள் சரிந்துகொண்டே போனார்கள். உனக்கு வியூகம் வராதுப்பா, எதுக்கு இந்த வேலை என்று வீட்டுக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்பா நிறுத்தவில்லை. கடைசிச் சிப்பாய் விழுகிறவரை உருட்டினார். அதற்குள் தீவிலும் இரண்டே பேர்தான் மிச்சம். அடுத்தது உன் தங்கையின் முறை. அதுவரை கணக்குப் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தவள், அப்பாவின் படை காலியான அந்த ஒரே வழியில் தன் படையை நகர்த்தி, ஒரே உருட்டில் தீவை எடுத்தாள். இரண்டு பேரும் பேசி வைத்துச் செய்தார்களா, தானாக அமைந்ததா, இன்றுவரை இருவரும் வாய் திறக்கவில்லை. நீயே உன் ஆபீசில் கேட்டுச் சொல்.

செல்லாது, மேஜை சாயுது என்று வீட்டுக்காரர் பகடையை எடுக்கக் கை நீட்டினார். அப்பா பகடைமேல் உள்ளங்கையை வைத்தார். மேஜை இல்ல சார், தரை. நீலம் அடிக்கறதுக்கு முன்னாடி தரையைப் பாக்கச் சொல்லுங்க, பாவம் உங்க மச்சான் குழந்தைங்க தடுக்கி விழப்போகுது என்றார். ஏழு வருஷத்தில் அப்பா அவரிடம் பேசின நீளமான பேச்சு அதுதான். வீட்டுக்காரர் பாதி டீயோடு எழுந்து போனார், மோட்டாரைக்கூடப் பார்க்கவில்லை.

அதனால் எங்களுக்கு இந்த வீடு கிடைத்துவிடவில்லை, காலிதான் செய்கிறோம். பார்த்த வீடெல்லாம் தூரம், தங்கை இரண்டு பஸ் மாற வேண்டும். அவளுக்கு அப்பா பஸ் நேரங்களை டெப்போவில் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார், வாயில் ஏதோ பாட்டு முனகல் வேறு. உன் மேலதிகாரிக்கு என் பதிலை இப்படிச் சொல். முதல் பெட்டியில் அதிர்ஷ்டம் அதிகம், இரண்டாவதில் வியூகம் அதிகம், இரண்டிலும் உட்கார்ந்து ஆடுகிற வீடு யாருடையது என்பதற்கு விதி எழுத மறந்துவிட்டீர்கள்.

ராத்திரி கண் விழிக்காதே, தலைக்கு எண்ணெய் வை. நீ நூறு வருஷம் சௌக்கியமாக இரு. ஒல்லிக்கு ஒரு வரி எழுது, வியூகம் பற்றி வேண்டாம், சும்மா எப்படி இருக்கிறாய் என்று. அடுத்த பெட்டியை இந்த முகவரிக்கு அனுப்பாதே, புது முகவரி கிடைத்ததும் எழுதுகிறேன். அங்கேயும் முதல் வேலையாகத் தரையில் ஒரு பகடையை உருட்டிப் பார்க்கப்போகிறாராம் உன் அப்பா.

இப்படிக்கு,
சீட்டில் பின்வாங்கின உன் அம்மா