எட்டு அங்குல சப்வூஃபர்

என்னங்க,

பதினோரு மணிக்குக் கடைக்காரர் டிவிக்கான சப்வூஃபர் ஸ்பீக்கரைக் கொண்டுவருவார், வாசல் கதவைத் திறந்தே வையுங்கள். நீங்கள் கேட்ட பன்னிரண்டு அங்குலம் இல்லை, எட்டுதான். நம் பட்ஜெட்டில் பெரிதாக வாங்கினால் சுவர்தான் அதிரும், சத்தம் சுத்தமாக இருக்காது என்றார். சோபாவை ஒட்டி மூலையில் வைக்கச் சொல்லுங்கள். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

"சவுண்டப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று நேற்று கத்தினீர்கள். தெரியாதுதான். அதனால்தான் அவரிடம் கேட்டேன். படத்தில் பேசுவது உங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றும் சொன்னேன்.

"பேச்சுக்கும் சப்வூஃபருக்கும் சம்பந்தமில்லக்கா, அது தும்தும்னு அதிர்ற சத்தத்துக்குத்தான். வீட்டுல மத்தவங்களுக்குக் கேக்குதா?" என்றார்.

எனக்கும் மகளுக்கும் நன்றாகவே கேட்கிறது. கடையில் நின்றபடி கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு எட்டு அங்குலத்துக்கே பில் போடச் சொல்லிவிட்டேன். மிச்சப் பணம் காது டாக்டருக்கு. நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். நானும் வருவேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

பி.கு.: முந்தாநாள் வாசலில் நின்று பத்து நிமிடம் பெல் அடித்தேன். நீங்கள் உள்ளேதான் இருந்தீர்கள். வேண்டுமென்றே திறக்கவில்லை என்று நினைத்து, இரண்டு நாளாக உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தப்பு என்னுடையது. இன்று சாவி எடுத்துக்கொண்டேன். நானே திறந்துகொண்டு வருகிறேன்.