இரண்டாவது ஒப்பம்

என் அன்பு அண்ணை,

ஆறுமணிக்குருவி வந்துவிட்டது. இதை முதலில் சொல்லாவிட்டால் மிச்சம் எதையும் நீங்கள் காதில் வாங்கமாட்டீர்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு வந்த முதல் ஐப்பசி இது. வாடைக்காற்று தொடங்கி, தொண்டைமானாற்றுக் கடல்நீரேரியில் உள்ளான் குருவிகளும் இறங்கிவிட்டன. நான் கண்டேன். ஆனால் நம் குருவிக் கொப்பியில் எழுதவில்லை. "ரெண்டு பேர் கண்டு, ரெண்டு பேரும் ஒப்பம் வைச்சால்தான் குருவி வந்த மாதிரி. ஒராள் கண்டது கனவாயும் இருக்கும்" என்று சட்டம் போட்டது நீங்கள்தானே? இத்தனை வருடமும் நம் இருவர் கையெழுத்துத்தான். இந்த வருடப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. கொப்பி உங்களோடு முடிந்துவிடுமோ என்று பயந்துபோனேன்.

மச்சாளை ஒப்பம் வைக்கச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை. உங்கள் பைனாகுலரைக் கண்டாலே "என்ரை சக்களத்தி" என்று முகத்தைத் திருப்பியவர் அல்லவா?

நேற்று விடிந்ததும் அவரே வேலிக்கு மேலால் கூப்பிட்டார். "உம்மடை அண்ணையின்ரை குருவி கிணத்தடியிலை விழுந்து கிடக்குது, ஓடி வாரும்!"

கடல் தாண்டி வந்த களைப்பு. பச்சை முதுகு, அடிவயிற்றில் சிவப்பு, அதே கட்டை வால். மச்சாள் அதைப் பனையோலைக் கடகத்தால் மூடி, உள்ளே சோறும் பருப்பும் வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உது சோறு தின்னாது மச்சாள், புழுத்தான் தின்னும்" என்றேன். புழுவைக் கண்டால் அலறுகிறவர், மண்வெட்டியோடு வாழையடிக்குப் போய்க் கையாலேயே பொறுக்கி வந்தார், அண்ணை!

வெயில் ஏறியதும் கடகத்தைத் தூக்கினோம். இரண்டு புழுவை விழுங்கிவிட்டு, மாமரத்தடிச் சருகுக்குள் துள்ளிப் போனது. மாலை ஆறுமணிக்கு அங்கிருந்தே கூவியது.

மச்சாள் கொப்பியை எடுத்து வந்தார். உங்கள் பெயர் வரும் இடத்தில் விரலை வைத்து, "இதிலை வைக்கலாமோ?" என்றார்.

"ஓம்."

வைத்து முடித்தவர், "இவ்வளவு காலத்திலை இவர் என்னை ஒருக்கால் கூடக் கூப்பிடேல்லையே" என்றார்.

ஏன் கூப்பிடவில்லை அண்ணை? நானும்தான் கூப்பிடவில்லை. இருவரும் அழுதோம்.

நாளை உள்ளான் பார்க்கப் போகிறோம். பைனாகுலர் மச்சாளின் கழுத்தில்தான். இனி வருகிற எந்தக் குருவிக்கும் இரண்டாவது ஒப்பம் குறையாது. இது சத்தியம்.

முதலாவது ஒப்பக்காரி,
உங்கள் தங்கை